பகுதி: தீர்

சாட்சி 'நான்' என்றால்
நானும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும்.
இருபத்தோராண்டு வேலை இது.
திருடியிருக்கிறேன். மருமகனை வெட்டியிருக்கிறேன்.
கேலாங் விடுதியில் வந்துபோனவர்களை எண்ணியிருக்கிறேன்.
எல்லாம் ஆங்கிலத்தில்.
மதியம் கீழே இறங்கி மீ கோரெங் தின்றிருக்கிறேன்.

இன்று நான் பூமிராஜ்.
துவாஸ் கப்பல் பட்டறையில் வெல்டர். ஊர் கமுதிப் பக்கம்.
முதலாளி வீட்டு நீச்சல்குளத்தில்
கைப்பிடி ஆடுகிறதென்று
ஒரு ஞாயிற்றுக்கிழமை லாரியில் ஏற்றி அனுப்பினார்கள்.
ஓவர்டைம் தரவில்லை.
அது தேவையில்லை என்றார் அரசு வழக்கறிஞர்.
அது தேவையில்லையாம் என்று எனக்கே தமிழில் சொன்னேன்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால்
ஜெரால்ட் சவரிமுத்து.
மூன்று தலைமுறைக் கப்பல் பணம்.
நிலோஷினியோடு நாலு வருட விவாகரத்து வழக்கு.
புக்கித் தீமா வீடு, பங்குகள்,
பெர்த்தில் ஒரு திராட்சைத் தோட்டம்.
நாய் யாருக்கு என்பதற்கு மட்டும்
பதினெட்டுப் பக்கப் பிரமாண வாக்குமூலம்.
பிறகொரு விடியலில் அவள் மிதந்தாள்,
பூமிராஜ் பற்றவைத்த கைப்பிடிக்கு
இரண்டு முழம் தள்ளி.

"முதலாளி போன்ல பேசிக்கிட்டே நடந்தாரு.
அவளத் தீத்துவிடப் போறேன்னாரு."

தீத்துவிட.

மன்றம் என் வாயைப் பார்க்கிறது.
பதிவுக் கருவியில் சிவப்புப் புள்ளி.
கடன் தீரும். காய்ச்சல் தீரும்.
சமைக்கும்போது பார்த்து காஸ் தீரும்.
ஆளையும் தீர்ப்பார்கள்.
நீதிபதி கடைசியில் எழுதப்போவதும்
இதே பகுதி, வேறு விகுதி.
நான் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும்,
அது கயிறாகத் திரிந்துகொள்ளும்.

ஆனால் கமுதியில், பரமக்குடியில்,
பெண்ணைத் தீர்த்துவிடுவதென்றால்
தாலியைக் கழற்றி வாங்கிக்கொண்டு
பஸ் ஏற்றிவிடுவது.
சிங்கப்பூரில் பிறந்தவளுக்கு இதெப்படித் தெரியும்?
என் பழைய மாமியார்
"எம்மகன் அவளத் தீத்துவிட்டுட்டான், இனி அவ யாரோ" என்று
தங்கைக்குப் பேசிய குரல் செய்தியை
கை தவறி எனக்கு அனுப்பியிருந்தார்.
நான் சாகவில்லை.
ஈசூனுக்கு வீடு மாறினேன்.

எழுந்து நின்றேன்.
"கனம் நீதிபதி அவர்களே,
இச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு என்று
மொழிபெயர்ப்பாளர் தெரிவித்துக்கொள்கிறார்."
என்னைச் சொல்லும்போது மட்டும்
நான் படர்க்கை.

அரசுத் தரப்பு பாதி எழுந்து பாதியில் நின்றது.
எதிர்த்தரப்பு அவசரமாக எதையோ குறித்தது.
பிறகு, வெகு மென்மையாக, ஒரு கேள்வி:
அவர் அதைத் தமிழிலா சொன்னார்?

"அவருக்குத் தமிழு ஏதுங்க?
இங்கிலீசுலதான் சொன்னாரு.
நாந்தான் நம்ம பேச்சுல சொல்றேன்."

ஆங்கிலத்தில் என்ன சொன்னார்?

பூமிராஜ் உள்ளங்கையைப் பார்த்தான்.
வெல்டிங் பொறி பட்டுப் பட்டு
ரேகை அழிந்திருந்த கை.
சுவர்க்கடிகாரம் எல்லோரையும் விட
மரியாதையாக நடந்துகொண்டது.

"மறந்துபோச்சுங்க.
அப்பப் புரிஞ்சுச்சு."

மறந்துவிட்டது, அப்போது புரிந்தது என்று சொன்னேன்.
இதற்கு ஆங்கிலம் சுலபமாக இருந்தது.

அந்த வார்த்தை இப்போது ஒரே ஒருவரிடம்தான்.
அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
சட்டை நுனியில் துடைத்து
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
மறுபடியும் துடைத்தார்.

இடைவேளையில்
லிஃப்ட் பக்கம் பூமிராஜ் வந்தான்.
"மேடம், ஸ்பெஷல் பாஸ்
வெள்ளிக்கிழமையோட தீருது.
நீட்டிப்பாங்களா?"

சாட்சியோடு பேச எனக்கு அனுமதியில்லை.
இரண்டு பேரும்
எண்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.